எர்த் அடிக்குது

கரண்ட் விஷயத்தில் நம் ஊரில் புழங்கும் ஒரு சொல்லைப் பற்றிச் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஃபிரிட்ஜைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறதா, கிரைண்டரில் மாவைத் தள்ளிவிடும்போது விரலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறதா, "எர்த் அடிக்குது" என்போம். ஷாக் அடிப்பது வேறு, எர்த் அடிப்பது வேறு என்று நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஷாக் என்றால் பயப்பட வேண்டும். எர்த் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், செருப்பைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். என் அம்மாவும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். "கண்ணு, பாத்ரூம் குழாய்ல எர்த் அடிக்குது." சொன்னது கார்த்திகை மாதம். அது என் மண்டையில் ஏறியது தை பிறந்த பிறகு. நடுவில் போன இரண்டு மாதம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கோயம்புத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. கட்டி 12 வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு முட்டி தேய்ந்து மாடி ஏறுவது சிரமமானதும், கீழே ஸ்டோர் ரூமில் பாதியை மறித்து அவருக்கென்று ஒரு பாத்ரூம் கட்டினோம். மாடியில் 6 வருஷமாக ஓடிக்கொண்டிருந்த 15 லிட்டர் கீசரைக் கழற்றிக் கீழே மாட்டிவிட்டு, மாடிக்கு 25 லிட்டரில் புதிதாக ஒன்று வாங்கினோம். பழையதை அம்மாவுக்குத் தள்ளிவிட்டோம் என்பது இப்போது எழுதும்போது உறுத்துகிறது. அன்றைக்கு உறுத்தவில்லை. ஒரு ஆளுக்கு 15 லிட்டர் தாராளம், நல்ல நிலையில் இருக்கிறது, எதற்குத் தூக்கிப்போட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். கடையிலிருந்து வந்தவர் புதியதை மாட்டிய கையோடு, கூடக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு பழையதையும் கீழே மாட்டிக் கொடுத்தார். ஒரு மணி நேர வேலை. குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. எங்களுக்கு வேண்டியது அதுதான், அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை.

அம்மா விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் குளிப்பவர். ஷவரெல்லாம் பழக்கமில்லை. கீசரைப் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு வருவார். பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, பச்சைத் தண்ணீர் விளாவி, முக்காலியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வார். பாதிக் குளியலில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் வேண்டியிருக்கும், ஈரக் கையோடு மறுபடி குழாயைத் திருகுவார். குளித்து முடிக்கும்வரை கீசர் எரிந்துகொண்டேதான் இருக்கும். அணைத்தால் ஆறிவிடும் என்பது அவர் கணக்கு.

மாட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதல் தடவை சொன்னார். "குழாயத் திருகறப்ப எர்த் அடிக்குது கண்ணு. மாட்டுனவரக் கூப்ட்டுக் காட்டு." நான் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. அன்று இரவே டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். பாத்ரூமில் கரண்ட் வேலை ஆயிற்றே என்று முன்ஜாக்கிரதையாகக் கீசர் சுவிட்சை அணைத்தேன். ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டேன். குழாயில் டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. கைப்பிடியில் வைத்தேன், மேலே போகும் கனெக்‌ஷன் ஹோஸில் வைத்தேன், எங்கும் எரியவில்லை. "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். கீசரை அணைத்துவிட்டு, அந்தக் கீசரில் கரண்ட் கசிகிறதா என்று பார்த்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மாடியில் நாங்கள் எப்போதும் அணைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவோம். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு வர 2,000 வாட்ஸ் காயிலுக்கு 18 நிமிஷம் போதும். அது சூடாகும்வரை காபி, அப்புறம் சுவிட்ச், அப்புறம் குளியல் என்று கை பழகிவிட்டது. அம்மாவின் குளியல் வேறு மாதிரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சோதித்தபோது என் குளியலை வைத்துத்தான் சோதித்தேன்.

இரண்டாம் தடவை சொன்னபோது என்னிடம் ஒரு வாதம் தயாராக இருந்தது. "இதே கீசர்லதானம்மா நாங்க ஆறு வருஷம் குளிச்சோம்? ஒரு நாள் கூட ஒண்ணும் ஆகலையே." அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதில் அன்று எனக்கும் தெரியாது. கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருந்த அந்த வாதம் எவ்வளவு தப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் தடவை சொன்னபோது சர்க்கரை நோய் கைகொடுத்தது. அம்மாவுக்கு 14 வருஷமாகச் சுகர். பாதத்தில் எரிச்சல் உண்டு, சில நாள் மதமதப்பும் உண்டு. சுகர் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கால் முடிந்து இப்போது கைக்கு வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். மார்கழி மாதச் செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் நானே பேசினேன். "அம்மாவுக்கு இப்ப விரல்லயும் சுருக் சுருக்குனு இருக்குதாம் டாக்டர்." அவர் என் வார்த்தையைக் கேட்டு, அதற்குத் தகுந்தபடி நரம்புக்கு ஒரு மாத்திரை சேர்த்து எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அம்மா என்னிடம் சொன்ன வாக்கியத்தில் "குழாயத் திருகறப்ப" என்று ஒன்று இருந்தது. மூன்று தடவையும் இருந்தது. நான் டாக்டரிடம் சொன்ன வாக்கியத்தில் அது இல்லை. வேண்டுமென்றே மறைக்கவில்லை. நோய் என்று முடிவு கட்டிய பிறகு குழாய் எதற்கு என்று என் மனமே அதைக் கழித்துவிட்டது. அம்மா பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் எர்த் பற்றிப் பேசவே இல்லை. மாத்திரை கேட்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். குழாயின் கைப்பிடியில் ஒரு பழைய காட்டன் துணி நாலாக மடித்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். தினமும் குளித்து முடித்ததும் அதை எடுத்துக் கொடியில் காயப்போட்டு, மாலையில் எடுத்து வந்து போடுவார். பிடி வழுக்கும் என்று போட்டிருக்கிறார் போல என்று நினைத்தேன்.

துணியில்லாமல் திருகிய நாள்

பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். பண்டிகை வேலையில் அம்மாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. பக்கெட்டை நகர்த்த முடியவில்லை, கொஞ்சம் தண்ணி பிடிச்சுக் குடு என்று விடியற்காலையில் என்னை எழுப்பினார். தூக்கக் கலக்கத்தோடு போனேன். தரை ஈரம். வெறுங்கால். முகம் கழுவியிருந்ததால் கையும் ஈரம். பின்னாலிருந்து அம்மா, "துணியப் போட்டுத் திருகு" என்றார். நான் துணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குழாயைப் பிடித்தேன்.

எறும்பு ஊர்ந்தமாதிரி எல்லாம் இல்லை. உள்ளங்கையில் ஆரம்பித்து முழங்கைவரை ஒரு உதறல் ஓடியது. கையை எடுத்துவிட்டேன், எடுக்க முடிந்தது. இதயம் அடித்துக்கொண்டது. சுவிட்ச் போர்டில் கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். "அடிச்சுதா?" என்று கேட்டார். அந்தக் குரலில் நான் அப்பவே சொன்னேனே என்பது துளியும் இல்லை. பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதா என்ற பதற்றம் மட்டும் இருந்தது. "அடிச்சுதும்மா" என்றேன். வேறு எதுவும் பேச வரவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

அன்று பகல் முழுக்க வேலையில் மனம் ஓடவில்லை. உதறல் பெரிய விஷயமில்லை, ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. அம்மா மூன்று தடவை சொல்லியும் உண்மையாகாத ஒன்று, என் கையில் ஒரு நொடி பட்டதும் எப்படி உண்மையாகிவிட்டது? நான் படித்தவன், அம்மாவின் மேல் பாசம் உள்ளவன், செலவுக்குக் கணக்குப் பார்க்காதவன். சொன்ன அன்றே டெஸ்டரோடு போனவன். இத்தனையும் இருந்து, இரண்டு மாதம் அவரைத் தினமும் அந்தக் குழாயைத் தொடவிட்டிருக்கிறேன். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர் சொல்வதைத் தகவலாக எடுத்துக்கொள்ளாமல் முதுமையின் முனகலாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் முன்னால் அவருக்குப் பதிலாக நான் பேசியதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

டேப் சுற்றிய பச்சை ஒயர்

அடுத்த நாள் வந்த எலக்ட்ரீஷியன் முப்பது வயதுக்குள் இருக்கும் பையன். முதலில் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டான். "எப்பங்கம்மா அடிக்குது? கீசர் எரியறப்பவா, அணைச்சப்புறமுமா? பச்சத் தண்ணிக் குழாய்லயும் இருக்குதுங்களா?" அம்மா ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். எரியும்போது மட்டும். வெந்நீர்ப் பக்கம் அதிகம், பச்சைத் தண்ணீர்ப் பக்கம் குறைவு. பக்கெட் தண்ணீரில் கை வைத்தால் ஒன்றும் இல்லை, ஆனால் குழாயிலிருந்து விழும் தண்ணீரில் கையை நீட்டினால் லேசாகத் தெரியும். இந்த இரண்டு மாதத்தில் அவர் இவ்வளவையும் கவனித்து வைத்திருந்தார். கேட்க ஒரு ஆள் இல்லை.

அவன் கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டெஸ்ட் லேம்ப்பை எடுத்தான். ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். சாக்கெட்டில் கரண்ட் வரும் பேஸுக்கும் அது திரும்பிப் போகும் நியூட்ரலுக்கும் வைத்தால் பல்பு எரிந்தது. பேஸுக்கும் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்கும் வைத்தால் எரியவில்லை. அந்தப் பெரிய ஓட்டைதான் எர்த், கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் வழி. எர்த் இருந்திருந்தால் அங்கேயும் எரிந்திருக்க வேண்டும். பிறகு மீட்டர் போர்டில் இருந்த எர்த் கம்பியிலிருந்து நீளமாக ஒரு ஒயரை இழுத்து வந்து, பிளக்கை மறுபடி செருகிக் கீசரைப் போட்டு, அந்த ஒயருக்கும் குழாய்க்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்தான். எண் 90 வோல்ட்டைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது. "ஏனுங்கம்மா, இதுலயா தெனமும் குளிச்சீங்க?" என்றான்.

மெயினை அணைத்து சாக்கெட் பெட்டியைத் திறந்ததும் விஷயம் தெரிந்தது. அது ஸ்டோர் ரூம் லைட்டுக்குப் போன பழைய லைன். ஒயர் போகும் பைப்புக்குள் பேஸ், நியூட்ரல் என்று இரண்டே ஒயர். எர்த் ஒயரே இழுக்கப்படவில்லை, ஸ்டோர் ரூமில் ஒரு பல்புக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள். அதில்தான் மூன்று பின் சாக்கெட்டை வைத்து, கீசரை மாட்டியிருந்தார்கள். லைட்டுக்கான 1 ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர் தடிமன்) ஒயரில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் தினமும் ஓடி, முனையில் இன்சுலேஷன் பழுப்பேறிக் கிடந்தது. அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. கீசரின் ஒயரில் பழைய பிளக் பொருந்தவில்லை என்று புது பிளக் மாட்டியிருந்தார்கள். அதைத் திறந்தபோது, உள்ளே பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் ஒயர் குட்டையாக வெட்டப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றி, மடித்து வைக்கப்பட்டிருந்தது. அத்தனை நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. சாக்கெட்டில் எர்த் இல்லை என்பதை மாட்டியவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே புது லைன் இழுத்திருப்பேன். தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். அந்த டேப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம்தான் ஆறு வருஷ வாதத்துக்குப் பதில் கிடைத்தது. காயிலில் கசிவு மாடியில் இருந்தபோதே ஆரம்பித்திருக்கும் என்றான் அந்தப் பையன். எங்களுக்கு வருவது போர் தண்ணீர், உப்புத் தண்ணீர். அதைச் சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து காயிலின் மேல் ஓடாகப் படியும். காயில் என்பது நடுவில் நைக்ரோம் கம்பி, அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்ஸைடு தூள், வெளியே ஒரு உலோகக் குழல். அந்தத் தூள் சூட்டை வெளியே விடும், கரண்ட்டை விடாது. மேலே சுண்ணாம்பு ஓடு கட்டினால் சூடு வெளியேற முடியாமல் குழல் வெந்து, எங்காவது மயிரிழை விரிசல் விடும். அது வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த் தூள் நனைந்துவிட்டால் கரண்ட் டேங்க்குக்கு வந்துவிடும். மாடியில் எர்த் ஒயர் ஒழுங்காக இருந்தது. கசிந்த கரண்ட் சத்தமில்லாமல் அதன் வழியாக இறங்கி, வீட்டுக்குப் பின்னால் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழே வந்த அன்று அந்த வழி வெட்டுப்பட்டது. பழைய வீடுகளில் இரும்புக் குழாய் மண்ணுக்குள் ஓடும், அதுவே ஓரளவு எர்த் வேலை பார்த்துவிடும். இப்போது எல்லாம் சிபிவிசி பைப். பிளாஸ்டிக்கில் போக முடியாத கரண்ட், அதற்குள் இருக்கும் உப்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குழாய்வரை வரும். அங்கே ஈரக் கையோடும் வெறுங்காலோடும் அம்மா.

ஆக, "எர்த் அடிக்குது" என்று நாம் சொல்கிறோமே, அப்போது அங்கே இல்லாமல் போயிருப்பது அந்த எர்த்தான். அடிப்பது பேஸ். ஷாக் வேறு, எர்த் வேறு என்ற நம் கணக்குக்கு எந்த அடிப்படையும் இல்லை. கரண்ட் ஒன்றுதான், எவ்வளவு நம் உடம்பு வழியாகப் போகிறது என்பதுதான் வித்தியாசம். ஒரு மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று தெரியும். 30 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாகச் சில நொடி போனால் உயிருக்கு ஆபத்து. இன்றைக்குக் கால் கொஞ்சம் காய்ந்திருக்கிறது, அதனால் சுருக். நாளைக்குச் சோப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போது தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கரண்ட் அளவுக்கு மேலே போனால் தானாக விழும் சுவிட்ச், எம்.சி.பி., இருக்கிறதே, விழுந்துவிடாதா என்று நானும் கேட்டேன். கீசர் லைனில் 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அது 16,000 மில்லி ஆம்பியருக்கு மேலே போனால்தான் அசையும். அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது. ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும். பேஸில் போன கரண்ட் முழுசாக நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். எங்கள் வீட்டில் அது இல்லை. டைல்ஸ் தேர்ந்தெடுக்க மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறோம், எம்.சி.பி. எல்லாம் இருக்கும் டிபி பாக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் திறந்து பார்த்ததில்லை.

அவன் டிபியிலிருந்து நேராக 4 ஸ்கொயரில் தனி லைன், கூடவே எர்த் ஒயர் இழுத்தான். மெயினுக்குப் பக்கத்தில் ஆர்.சி.சி.பி. வைத்தான். காயிலை மாற்றுவதற்கு முன்னால், ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அதே பழைய கீசரைப் புது லைனில் போட்டான். டக். வீடே நின்றுபோனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது, ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. அந்த அமைதியில் சமையலறையிலிருந்து அம்மா, "என்னாச்சு கண்ணு?" என்றார். எனக்கு முன்னால் அந்தப் பையன் பதில் சொன்னான். "ஒண்ணுமில்லீங்கம்மா. நீங்க சொன்னது சரிங்க."

மோட்டார் ரூம்

மதியம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் கேட்டான், துணியைப் போட்டுத் திருகலாம் என்று எப்படித் தோன்றியது என்று. அம்மா சொன்னது எனக்கும் புதிது. பல்லடம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். கிணற்று மேட்டில் மோட்டார் ரூம். எட்டு வயதிலேயே மோட்டார் போட அனுப்புவார்களாம். தாத்தா முதலில் சொல்லிக் கொடுத்தது ஸ்டார்ட்டர் பெட்டியைப் பின்னங்கையால் தொட்டுப் பார்ப்பது. கரண்ட் பட்டால் கை சுருங்கும், உள்ளங்கையால் பிடித்திருந்தால் பிடி இறுகிக்கொள்ளும், பின்னங்கை என்றால் தானாக விலகிவிடும். ஈரக் கையோடு போகாதே. காலுக்குக் கீழே காய்ந்த பலகை போட்டுக்கொள். ஒரு ஐப்பசி மழையில், கரண்ட் கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியில் உரசிய அவர்கள் காளை நின்ற இடத்திலேயே விழுந்ததை அம்மா சிறுமியாக நின்று பார்த்திருக்கிறார். "கரண்டு எனக்குத் தெரியாதா சாமி? சின்னதுலருந்து பாக்கறன்" என்றார் அவனிடம்.

தினமும் காலையில் குழாயைப் பின்னங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் துணியைப் போட்டுத் திருகியிருக்கிறார். காய்ந்த துணிதான் ஆகும் என்று தினம் கொடியில் உலர்த்தியிருக்கிறார். கரண்ட் என்றால் என்ன என்பதை என்னைவிட நன்றாக அறிந்த ஒருவரிடம், அது உங்கள் நரம்பு என்று நான் சொல்லியிருக்கிறேன். "அப்ப ஏம்மா மறுபடி சொல்லல?" என்று அன்று இரவு கேட்டேன். "நீதான் டாக்டர்ட்டயே சொல்லீட்டயே கண்ணு. ஒருவேள சுகர்தானோனு எனக்கே சந்தேகமாயிருச்சு" என்றார். இதைக் கேட்டபோதுதான் உண்மையிலேயே ஆடிப்போனேன். தன் விரல் சொன்னதை, அறுபது வருஷப் பழக்கம் சொன்னதை அவரே சந்தேகப்படும்படி செய்துவிட்டேன். கைக்குத் துணியும் மனதுக்கு மாத்திரையுமாக இரண்டு பக்கமும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சொட்டும் வால்வு

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அதில் மாட்டியவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, என் பங்கும் இருக்கிறது. மாட்டிய மறுநாளே கீசருக்கு அடியில் பச்சைத் தண்ணீர் ஏறும் இடத்திலிருந்த சேஃப்டி வால்வு பொட்டுப் பொட்டாகச் சொட்டியது. நான்தான் போன் போட்டு ஒழுகுது வந்து பாருங்கள் என்றேன். வந்தவர் வால்வின் சின்ன மூக்கை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டுப் போனார். சொட்டு நின்றது, நானும் சந்தோஷப்பட்டேன். அந்த வால்வு சொட்டத்தான் வேண்டும். 15 லிட்டர் தண்ணீர் சூடாகும்போது விரிந்து ஏறத்தாழ கால் லிட்டர் கூடிவிடும். வந்த வழியே திரும்பிப் போகாமல் அதே வால்வுக்குள் ஒரு தடுப்பு இருக்கும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அந்தக் கால் லிட்டருக்கு வெளியேற இருக்கும் ஒரே வழி அந்த மூக்கு. சூடு போதும் என்றதும் காயிலை அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்தாலும், சூடாகும் ஒவ்வொரு தடவையும் டேங்க்குக்குள் அழுத்தம் ஏறும். அந்தத் தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டு, அதற்கடுத்துக் கரண்ட்டை வெட்ட வேண்டிய கட்-அவுட்டும் கைவிட்டால், டேங்க் வெடிக்காமல் காக்க அந்த வால்வு வேண்டும். பாத்ரூமில் அம்மாவின் தலைக்கு மேலே அதை அடைத்துத் தொங்கவிட்டிருந்தோம். பையன் புது வால்வு மாட்டி, மூக்கில் ஒரு மெல்லிய டியூபைச் செருகித் தரைவரை விட்டான். சொட்டுத் தண்ணீருக்கு அடியில் அம்மா ஒரு குண்டானை வைத்திருக்கிறார், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். கீசர் மாட்டுபவரைக் கேட்டால் தண்ணீர் இணைப்புதான் என் வேலை, பாயின்ட் உங்களுடையது என்பார். வீட்டுக்கு ஒயரிங் செய்தவரைக் கேட்டால் லைட்டுக்குக் கொடுத்த லைனில் கீசர் மாட்டச் சொன்னது யார் என்பார். பாத்ரூம் கட்டிய கொத்தனார், சுவர் மறித்ததோடு சரி என்பார். ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் அளவில் சரி. தண்ணீரும் கரண்ட்டும் ஒரே டேங்க்கில் சந்திக்கும் இடத்துக்கு மட்டும் ஆள் கிடையாது. வீட்டுக்காரன்தான் அந்த ஆள் என்று நான் இப்போது நினைக்கிறேன். மூன்று பேரையும் ஒன்றாக நிறுத்தி, இந்தச் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா, என் கண் முன்னால் பல்பு வைத்துக் காட்டுங்கள் என்று கேட்க இரண்டு நிமிஷம் ஆகும். பழைய ரூமை பாத்ரூமாக மாற்றியவர்கள், பழைய கீசரை அப்பா அம்மாவின் பாத்ரூமுக்கு மாற்றியவர்கள், தயவுசெய்து இன்றைக்கே கேளுங்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஒரு வீட்டில் எர்த் இல்லை.

காயிலைக் கழற்றியபோது அதன் மேல் வெள்ளை ஓடு விரல் தடிமனுக்கு இருந்தது. பக்கத்தில், டேங்க்குக்குப் பதிலாகத் துருவுக்குத் தன்னைக் கொடுக்கிற மெக்னீசியம் கம்பி கரைந்து குச்சியாகிவிட்டிருந்தது. எல்லாம் மாற்றியாயிற்று. புது கீசரே வாங்கித் தருகிறேன் என்றேன், அம்மா வேண்டாம் என்றுவிட்டார். ஆர்.சி.சி.பி.யில் மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பையன் சொல்லிவிட்டுப் போனதை அம்மா அமாவாசையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார். தை அமாவாசை அன்று விளக்கேற்றி முடித்ததும் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறி, அதை அழுத்தினார். டக்கென்று வீடு அணைந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தூக்கிவிட்டார்.

மாசி மாதச் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்து, "எப்படி இருக்காங்க?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"கால் எரிச்சல் அப்படியேதானுங்க இருக்குது. கையில ஒண்ணுமில்லீங்க. அது குழாய்ல கரண்டுங்க, சரி பண்ணீட்டோம். அந்த விரலுக்கு எழுதுன மாத்திரைய நிறுத்திக்கலாமுங்களா?"